இரண்டாவது படிவம்

அத்தியாயம் 14

அப்பாவின் இடது கையில் புதிதாக ஒன்று வந்திருந்தது. முழங்கைக்குக் கீழே, சட்டைப் பொத்தான் அளவில், கருநீலமாக ரத்தம் கன்றிய தடம். முந்தின நாள் இல்லை. காலையில் பல் தேய்க்கும்போதுதான் பார்த்தாராம்.

பார்த்ததும் என்ன செய்திருப்பார் என்பது இத்தனை வாரமாக இந்தக் குடும்பத்தோடு பழகிவிட்ட உங்களுக்குத் தெரியும். பேனாவை எடுத்து அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் தேதியும் எழுதிவிட்டார்.

முப்பத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மனிதர். ஓய்வு பெற்ற அன்று கம்பெனியிலிருந்து எடுத்துவந்த பரிசோதனை அட்டைக் கட்டு இன்னும் தீரவில்லை. அதில் ஒன்றைத் தன் அறைக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார். தேதி, பார்த்தது, செய்தது, காரணம், கையெழுத்து என்று ஐந்து கட்டங்கள். அப்போதெல்லாம் லிஃப்டைப் பற்றி எழுதினார். பக்கவாதம் வந்து எழுந்த பிறகு தன்னைப் பற்றி எழுதுகிறார்.

"இது எட்டாவது," என்று கையை மூத்த மகளிடம் நீட்டினார். "வட்டத்தைத் தாண்டிப் பரவுதான்னு சாயந்தரம் பார்க்கணும்."

"வலிக்குதாப்பா?"

"வலிச்சா காரணம் தெரியும். எங்கயோ இடிச்சுக்கிட்டேன்னு எழுதிடலாம். வலிக்காம வருதே, அதான் எனக்குப் பிடிக்கலை."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

டாக்டர் என்றால் அவள் தம்பி. பெற்ற அப்பாவே அவனை அப்படித்தான் கூப்பிடுகிறார். பாதி பெருமை, பாதி நக்கல்.

"சொன்னேன். 'மாத்திரையால இல்லப்பா, வயசுனால. அக்காவோட கட்டுரையிலயே ரத்தக்கசிவு கூடலைன்னு இருக்கு'ன்னான். நீ எழுதினதாமே?"

பெரியவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். நேற்றுச் சாயங்காலம் ஆறு மணிக்கு இதே கை அந்த ரோஸ் நிற மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் அவள். பார்த்துக்கொண்டே சும்மா இருந்தாள். அது அவளை ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை.

நேற்று மத்தியானம் வந்த அந்தக் கடிதத்தைப் படித்ததும் அவள் கம்ப்யூட்டரைப் பட்டென்று மூடியதோடு போன அத்தியாயத்தில் நாம் அவளை விட்டுவந்தோம். எங்கோ தூர தேசத்தில், முன்பின் தெரியாத ஓர் இளம் டாக்டர் எழுதியது. நாலே வரி. 'உங்கள் கட்டுரையின் மூன்றாவது ஆய்விலும் ஐந்தாவது ஆய்விலும் பதிவறையில் தீப்பிடித்துப் பதினொரு பேரின் பதிவுகள் எரிந்துபோனதாக இருக்கிறது. இரண்டு தீவிபத்துகளா, ஒன்றுதானா?' கடைசி வரியில் மரியாதையாக ஒரு நன்றி வேறு.

இதில் தூக்கம் போகும்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்காக அவளுடைய வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மாத்திரையை ஓர் ஊரில் இருநூறு பேருக்குக் கொடுத்துப் பார்த்து நல்லது என்பார்கள். இன்னோர் ஊரில் நானூறு பேருக்குக் கொடுத்துப் பார்த்து, அப்படியொன்றும் இல்லை என்பார்கள். எதை நம்புவது? அப்படிப்பட்ட ஆய்வுகளை ஒன்று விடாமல் தேடிப் பிடித்து, ஆள் அதிகமுள்ள ஆய்வுக்கு அதிக எடை, குறைவானதற்குக் குறைந்த எடை என்று கொடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விடையாகச் சொல்வதற்குப் பெயர் மெட்டா அனாலிசிஸ். விடையைப் படமாகப் போடுவார்கள். நடுவில் செங்குத்தாக ஒரு கோடு. ஆய்வுக்கு ஒரு கட்டம். எல்லாவற்றுக்கும் அடியில், மொத்தக் கணக்கின் விடையாக, ஒரு சின்ன வைர வடிவம். அந்த வைரம் முழுசாகக் கோட்டுக்கு இடதுபக்கம் நின்றால் மாத்திரை பலன் தருகிறது. கோட்டைத் தொட்டுவிட்டால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

பெரியவளின் வைரம் ஏழு ஆய்வுகளைச் சேர்த்துப் போட்டது. கோட்டைத் தொடாமல், மயிரிழையில் இடதுபக்கம் நின்றது. ஒருமுறை பக்கவாதம் வந்தவர்களுக்கு வழக்கமான மருந்துகளோடு இந்த ரோஸ் மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தால் மறுபடி வருவது குறைகிறது, ரத்தக்கசிவும் கூடவில்லை என்று அந்தக் கட்டுரை சொன்னது. டாக்டர்கள் நம்பினார்கள். தம்பி எல்லோருக்கும் முன்னால் நம்பினான். ஒன்றேகால் வருடமாக அப்பாவும் அதை விழுங்கிக்கொண்டிருக்கிறார்.

இன்று நாலு மணிக்கு மருத்துவர் சங்கத்தில் நூற்றைம்பது டாக்டர்கள் முன்னால் தம்பி அந்த மாத்திரையைப் பற்றித்தான் பேசப்போகிறான். அழைப்பிதழில் வைரத்தின் படம்கூடப் போட்டிருந்தார்கள்.

அவன் மேடையேறுவதற்குள் அவள் உண்மையைக் கண்டுபிடித்தாக வேண்டும். கண்டுபிடித்தால் சொல்லியும் ஆக வேண்டும்.

"சாயந்தரம் ஆறு மணிக்கு நான் போடலாமில்ல?" என்று அப்பா கூடத்திலிருந்து கேட்டார்.

"அதுக்குள்ள சொல்றேம்பா," என்றாள்.

மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் மூன்றாவது மாடியில் இருக்கும் அந்த இரும்பு அலமாரியின் சாவி அவளிடம்தான் இருந்தது. பேராசிரியர் பழைய காலத்து ஆள். எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு முன்னால் காகிதத்தில்தான் எழுத வேண்டும் என்பார். காகிதத்தில் அடித்தாலும் திருத்தினாலும் தடம் இருக்கும் என்பது அவர் கட்சி.

ஒவ்வோர் ஆய்வையும் இரண்டு பேர் படிக்க வேண்டும். ஒருவர் பச்சைப் படிவத்தில் எழுதுவார், இன்னொருவர் மஞ்சளில். ஒருவரையொருவர் கேட்கக்கூடாது, எட்டியும் பார்க்கக்கூடாது. இருவரும் எழுதி முடித்த பிறகுதான் பேராசிரியர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். பச்சைப் படிவம் பெரியவளுடையது. மஞ்சள், அதே நிலையத்தில் நூலகராக இருக்கும் அவள் கணவருடையது.

புருஷன் பெண்டாட்டியை இப்படிச் சேர்த்துப் போடலாமா என்று அப்போதே யாரோ கேட்டார்கள். ஆள் இல்லை, நேரமும் இல்லை. வந்த படிவங்கள் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போயின. "இவ்வளவு ஒத்துப்போற ரெண்டு பேரை நான் என் சர்வீஸ்லயே பார்த்ததில்லை," என்று பேராசிரியர் எல்லோர் முன்னாலும் சொன்னார். கைதட்டினார்கள். ஒரு வாரத்துக்கு டீ நேரத்தில் அதே கேலிதான்.

அவள் முதலில் மூன்றாவது ஆய்வையும் ஐந்தாவது ஆய்வையும் எடுத்து மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். எழுதியவர்கள் வேறு வேறு. வெளிவந்த இதழ்கள் வேறு. ஒன்று நாலு ஆஸ்பத்திரிகளின் பெயரையும் சொன்னது. மற்றது நகரத்தின் நாலு மருத்துவமனைகள் என்று மட்டும் சொன்னது. மூன்றாவதில் அறுநூற்று நாற்பது பேர், ஆறு மாதம். ஐந்தாவதில் அறுநூற்று இருபத்தொன்பது பேர், ஒரு வருடம்.

அறுநூற்று நாற்பதிலிருந்து, எரிந்துபோன பதினொன்றைக் கழித்தாள். அறுநூற்று இருபத்தொன்பது வந்தது.

சந்தேகமே இல்லை. அதே தீ, அதே பதினொன்று. ஒரே ஆட்களைப் பற்றி ஆறு மாதத்தில் ஒரு குழு எழுதியிருக்கிறது, வருடக் கடைசியில் இன்னொரு குழு எழுதியிருக்கிறது. அவள் அவர்களை இரண்டு தடவை எண்ணிவிட்டாள். ஒரே சாட்சியை இரண்டு முறை கூண்டில் ஏற்றிவிட்டு, பார் இரண்டு பேர் சொல்கிறார்கள் என்று தீர்ப்பு எழுதியிருக்கிறாள்.

எப்படி விட்டேன் என்று யோசித்தாள். மூன்றாவதைப் படித்ததற்கும் ஐந்தாவதைப் படித்ததற்கும் நடுவில் மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தில்தான் அப்பா பக்கவாதம் வந்து குளியலறையில் விழுந்தார். அதற்கப்புறம் நடந்ததில் ஆஸ்பத்திரி வராந்தாவின் பெஞ்சு ஒன்றுதான் நினைவிருக்கிறது. என்ன சாப்பிட்டாள், எதைப் படித்தாள், எதில் கையெழுத்துப் போட்டாள், எதுவும் தெளிவாக இல்லை.

நான் விட்டேன் சரி, அவரும் எப்படி விட்டார்? அந்த யோசனையில்தான் ஐந்தாவது ஆய்வின் மஞ்சள் படிவத்தைப் பிரித்தாள்.

'பெண்கள் எத்தனை பேர்' என்ற கட்டத்தில் 247 என்று இருந்தது. கட்டுரையைப் பார்த்தாள். 274. தன் பச்சைப் படிவத்தைப் பார்த்தாள். 247. அவசரத்தில் எண்ணை மாற்றிப் போட்டிருக்கிறாள். அந்த எண் கணக்கில் சேராது என்பதால் இரண்டு வருடமாக யார் கண்ணிலும் படவில்லை.

ஒரு பிசகை இரண்டு பேர் தனித்தனியாக, ஒரே கட்டத்தில், ஒரே மாதிரிச் செய்யலாம்தான். அவள் அப்படித்தான் நம்ப ஆசைப்பட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு நிமிடம் அப்படியே நம்பியும் பார்த்தாள், முடியவில்லை.

தரைத்தளத்தில் நூலகர் பழைய இதழ்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். அவள் கையிலிருந்த மஞ்சள் தாளைப் பார்த்ததும் முத்திரையைக் கீழே வைத்தார்.

"அஞ்சாவது ஆய்வை நீங்க படிச்சீங்களா?" என்று கேட்டாள்.

"படிச்சேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேனே."

"கையெழுத்தைக் கேக்கலைங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். தூரத்து மேஜையில் இரண்டு மாணவிகள் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"படிக்கலை," என்றார். "உன்னோடதைப் பார்த்து எழுதினேன்."

அவள் அவருக்கு எதிரே இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். திட்டலாம் என்றுதான் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். வாய் வரவில்லை.

"அப்ப அப்பா ஐ.சி.யூ.ல இருந்தார்," என்று அவரே தொடர்ந்தார். "பகல்ல நீ, ராத்திரில நான். காலைல நீ வந்ததும் நான் நேரா இங்க வந்துடுவேன். பேராசிரியர் வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னார். எழுத்தெல்லாம் கண்ணு முன்னாடி நீந்துது. உன் பச்சைப் படிவம் மேஜை மேலேயே கிடந்தது. நீ தப்பே பண்ண மாட்டேன்னு எனக்கு நம்பிக்கை."

"நம்பக்கூடாதுங்கறதுக்காகத்தானே ரெண்டாவது படிவம்!"

"தெரியும்."

"மூணாவது ஆய்வு?"

"அதை நிஜமாவே படிச்சேன். தீப்பிடிச்சது இப்பக்கூட ஞாபகம் இருக்கு, பதிவறை பக்கத்துல சமையல் கட்டுன்னு போட்டிருந்தான். அஞ்சாவதையும் படிச்சிருந்தா அன்னிக்கே பிடிச்சிருப்பேன்." அவர் குரல் இறங்கிவிட்டது. "இன்னொண்ணும் சொல்லிடறேன். அஞ்சு, ஆறு, ஏழு, மூணும் அந்த நாட்கள்ல எழுதினது. எதை நிஜமா படிச்சேன், எதை உன்னைப் பார்த்து எழுதினேன்னு இப்ப என்னைக் கேட்டா ஞாபகம் இல்லை."

பதினாறு ராத்திரி அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதர். அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்தவர், வாய் துடைத்தவர், படுக்கையில் போனதையெல்லாம் முகம் சுளிக்காமல் எடுத்துப் போட்டவர். சொந்த மகன் ஊரில் இருந்தும், கிளினிக்கை விட்டு வர முடியாமல் தவித்தபோது இவர்தான் இருந்தார். இவர்மேல் எந்தப் பக்கமிருந்து கோபப்படுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலே உடம்பு கெஞ்சியது.

"இது வெளியே வந்தா உங்க வேலை என்னாகும்னு தெரியுமா?"

"தெரியாம என்ன."

அவள் எழுந்து அலமாரிச் சாவியை மேஜைமேல் வைத்தாள். "மத்த படிவங்களையும் கட்டுரைகளோட வச்சு நீங்களே பாருங்க. இந்தத் தடவை படிங்க. நான் கணக்கைத் திருப்பிப் போடணும்."

"அவன்கிட்ட சொல்லப் போறியா?"

"நாலு மணிக்குள்ள," என்றாள்.

ஐந்தாவது ஆய்வை எடுத்துவிட்டு மீதி ஆறு ஆய்வுகளை வைத்துக் கணக்குப் போட கம்ப்யூட்டருக்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை. வைரம் வலதுபக்கம் நகர்ந்து வந்து கோட்டைத் தொட்டது. ரத்தக்கசிவுக்கான கணக்கையும் போட்டுப் பார்த்தாள். அது இருந்த இடத்திலேயே இருந்தது. அந்த ஓர் ஆறுதலைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

தம்பி போனை எடுக்கவில்லை. கிளினிக்கில் கூட்டமாக இருக்கும். அவள் நேராகச் சங்கக் கட்டடத்துக்கே போய்விட்டாள்.

அங்கே லிஃப்ட் கதவில் 'பழுது' என்று மட்டும் எழுதி ஒட்டியிருந்தார்கள். என்ன பழுது, எப்போதிலிருந்து, ஒன்றுமில்லை. அப்பா பார்த்திருந்தால் அந்தத் தாளைக் கிழித்து வேறு எழுதி ஒட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்த்திருப்பார். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவளை மூன்றே முக்காலுக்குத் தம்பி வராந்தாவில் பார்த்தான். கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டே வந்தான். காலையிலிருந்து முப்பத்தெட்டுப் பேரைப் பார்த்த முகம்.

"அக்கா! முன்வரிசைல உனக்கு இடம் போட்டிருக்கு. வைரத்தோட அம்மான்னு சொல்லி அறிமுகப்படுத்தப் போறேன்."

"அந்த வைரம் கோட்டைத் தொடுதுடா," என்றாள்.

அவன் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். அவள் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. ஒரே ஆட்கள், இரண்டு கட்டுரை, பதினொரு பேர், இன்று போட்ட கணக்கு. கணவரைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

"அப்ப மாத்திரை வேலை செய்யலையா?"

"அப்படிச் சொல்ல முடியாது."

"செய்யுதா?"

"அப்படியும் சொல்ல முடியாது. இருக்கிற ஆறு ஆய்வை வச்சுத் தெரியலை. அவ்வளவுதான்."

"தெரியலைங்கறதை எப்படிக்கா நூத்தம்பது பேர் முன்னால நின்னு சொல்றது? நான் முந்நூறு பேருக்காவது எழுதிக் கொடுத்திருப்பேன். நம்ம அப்பாவுக்கு எழுதியிருக்கேன். அவர் தினமும் கையைக் காட்டறார், நான் வயசுன்னு சொல்லி அனுப்பறேன்." அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். "ரத்தக்கசிவு? அதுவும் போச்சா?"

"அது மாறலை. திருப்பிப் போட்டுப் பார்த்துட்டேன். கூடலைங்கறது அப்படியேதான் இருக்கு."

"அதாவது மிஞ்சிச்சே." பிறகு கேட்டான். "ரெண்டு பேர் படிக்கிறீங்களே. ஒருத்தர் விட்டா இன்னொருத்தர் பிடிக்கணும்னுதானே ரெண்டு பேர்? எப்படி ரெண்டு பேரும் விட்டீங்க?"

"நான் விட்டேன்."

"அத்தான்?"

"நான் விட்டேன்னு சொல்றேன்ல," என்றாள் எரிச்சலோடு.

அவன் மேற்கொண்டு துருவவில்லை. போனை எடுத்து வீட்டுக்கு அடித்தான். ஒலிபெருக்கியை அழுத்தியதால் அப்பாவின் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது.

"என்ன டாக்டர், பேசி முடிச்சாச்சா?"

"இல்லப்பா, இனிமேதான். இன்னிக்கு ஆறு மணிக்கு அந்த ரோஸ் மாத்திரை மட்டும் வேண்டாம். மத்ததெல்லாம் வழக்கம்போல. நேர்ல வந்து சொல்றேன்."

"நிறுத்தச் சொன்னது யாரு? நீயா, அவளா?"

"ரெண்டு பேரும்தாம்பா."

"சரி. அட்டைல எழுதணும். செய்ததுங்கற கட்டத்துல மாத்திரை நிறுத்தம்னு போட்டுடறேன். காரணம்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல என்ன போட?"

தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் போனைத் தன் பக்கம் இழுத்தாள்.

"தெரியலைன்னு போடுங்கப்பா."

"முப்பத்தாறு வருஷத்துல அந்தக் கட்டத்துல நான் அப்படி எழுதினதே இல்லை," என்றார் அப்பா. "எழுதக்கூடாதுன்னு இல்லை. எழுதிடறேன்." போனை வைத்துவிட்டார்.

நேற்றே சொல்லியிருக்க வேண்டும். ஒரு நாள் மாத்திரைதானே என்று யார் சொன்னாலும் அவளால் சமாதானம் ஆக முடியாது.

தம்பி மேடையில் நன்றாகவே பேசினான். நம் கதையில் வருகிறவன் என்பதற்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே நன்றாகப் பேசினான். முதலில் பழைய படத்தைக் காட்டினான். நூற்றைம்பது தலைகளும் ஆமோதித்து ஆடின. பிறகு, இந்தப் படம் தவறு என்றான். அரங்கில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஒரே நோயாளிகள் இரண்டு தடவை எண்ணப்பட்டதையும், ஒன்றை எடுத்தால் வைரம் நகர்வதையும் கரும்பலகையில் சாக்பீஸால் வரைந்தே காட்டினான். இதைக் கண்டுபிடித்து என்னிடம் ஓடிவந்து சொன்னதும் இதை எழுதியவர்தான் என்று அவளை எழுந்து நிற்கச் சொன்னான்.

அவள் எழுந்து நின்றாள். யாரும் கைதட்டவில்லை. தட்டாததே நல்லது என்று நினைத்தாள்.

மூன்றாவது வரிசையிலிருந்து வயதான ஒரு பெண் டாக்டர் எழுந்தார். மயக்க மருந்து நிபுணர். ஓய்வு பெற்ற பிறகும் எந்தக் கூட்டத்தையும் விடாதவர்.

"ஒரு சின்னக் கேள்வி. ரெண்டு பேர் தனித்தனியா படிச்சதா கட்டுரையில போட்டிருக்கீங்க. தப்பு நடக்கிறது சகஜம். ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே தப்பு எப்படிம்மா நடந்தது? அந்த ரெண்டாவது ஆள் யாரு?"

பெரியவள் வாயைத் திறந்தாள். நான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று ஆரம்பிக்கலாம் என்று பார்த்தாள்.

"நான்தான்," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

நூலகர் வாசலில் நின்றிருந்தார். மூன்று மாடி ஏறியதில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் ஒரு பழுப்பு உறை.

"அஞ்சாவது ஆய்வை நான் படிக்கவே இல்லை. இவங்க எழுதினதைப் பார்த்து எழுதினேன். தனித்தனியான்னு நாங்க போட்டது பொய்," என்றார். நூலகத்தில் பேசிப் பழகிய குரல். அதற்கு மேல் அவருக்கு ஏறாது. ஆனால் அரங்கம் அவ்வளவு அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

மேடையில் தம்பி அத்தானையே பார்த்துக்கொண்டு நின்றான். பெரியவளுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாக, இரண்டு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கினாற்போலவும் இருந்தது. இந்த மனிதரைக் காப்பாற்றுகிறேன் என்று ஒளித்துவைத்தாளே, அவர் அதைத் தானே தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்திருக்கிறார்.

அவர் நடைபாதையில் இறங்கி வந்து அவள் பக்கத்துக் காலி நாற்காலியில் உட்கார்ந்தார். உறையை அவள் மடியில் வைத்தார்.

"எல்லாத்தையும் படிச்சேன்," என்று காதோரம் சொன்னார். "ஆறாவது சரியா இருக்கு. ஏழாவதைப் பாரு. உன்னைக் குத்திக்காட்டக் கொண்டு வரலை. அப்பாவுக்காகக் கொண்டு வந்தேன்."

மேடையில் தம்பி ஒருவழியாகக் குரலைத் தேடிப் பிடித்திருந்தான். "தப்பு நடந்திருக்கு. முறைப்படி திருத்தம் எழுதுவாங்க. அதுவரைக்கும் புதுசா யாருக்கும் எழுத வேண்டாம்னுதான் நான் சொல்வேன். ஒரு விஷயத்துல மட்டும் நீங்க நிம்மதியா இருக்கலாம். இத்தனை நாள் சாப்பிட்டவங்களுக்கு ரத்தக்கசிவு கூடலை. அந்தக் கணக்கு மாறலை."

அவள் உறையைப் பிரித்தாள். ஏழாவது ஆய்வின் அட்டவணை. ரத்தக்கசிவு என்ற வரியில் இரண்டு எண்கள், 13, 31. வழக்கமாக எல்லாக் கட்டுரையிலும் மாத்திரை சாப்பிட்டவர்கள் முதல் பத்தியில் இருப்பார்கள், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்கள் இரண்டாவதில். இந்தக் கட்டுரைக்காரர்கள் மாற்றிப் போட்டிருந்தார்கள். பத்திகளின் தலைப்பைக் கணவர் பென்சிலால் அடிக்கோடிட்டிருந்தார். ரத்தம் கசிந்த முப்பத்தொரு பேரும் மாத்திரை சாப்பிட்டவர்கள்.

மஞ்சள் படிவத்தில் மாத்திரைக்கு நேராக 13 என்று இருந்தது.

"தலைப்பைப் பார்க்காம எழுதியிருக்கீங்க," என்று முணுமுணுத்தாள்.

"ஆமா. அடுத்ததைப் பாரு."

பச்சைப் படிவம். அவள் கையெழுத்து. அதே கட்டத்தில் அதே 13.

ஏழாவதில் யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று அவள் அவரிடம் கேட்கத் திரும்பினாள். அவர் இரண்டு தாள்களின் அடியிலும் விரலை வைத்துக் காட்டினார். கையெழுத்துக்குக் கீழே தேதி. அவருடைய மஞ்சள் தாளில் ஒன்பது. அவளுடைய பச்சைத் தாளில் பன்னிரண்டு.

ஆஸ்பத்திரி பெஞ்சு நினைவுக்கு வந்தது. வராந்தா விளக்கு நினைவுக்கு வந்தது. மடியில் இரண்டு நிறத் தாள்கள் இருந்ததும், அவர் பார்த்திருப்பார், அவர் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்ததும், இத்தனை நேரம் எங்கே ஒளிந்திருந்ததோ, அதுவும் வந்தது.

அப்பாவின் கையில் எட்டு வட்டங்கள்.

"வேற கேள்வி இல்லைன்னா முடிச்சுக்கலாமா?" என்று தம்பி கேட்டான்.

டாக்டர்கள் பைகளை எடுக்க ஆரம்பித்திருந்தார்கள். மயக்க மருந்து நிபுணர் மட்டும் இன்னும் உட்காரவில்லை.

பெரியவள் பச்சைத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"இருக்கு," என்றாள். "என்னைக் கேக்க வேண்டியது ஒண்ணு பாக்கி இருக்கு."